வஸ்தாதின் காலைத் தொடாத பயில்வான்

ஜப்பார் பாய் ரயிலை விட்டு இறங்கி வந்தபோது நான் பார்சல் ஆபீசில் வெற்றிலைக் கூடைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் அரக்கோணத்தில் லாரி ரிப்பேர் செய்கிறவர். வேலை நாளில், அதுவும் காலை வண்டியில், திருத்தணிக்கு வருகிற ஆள் இல்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"உங்க பாவா போய்ட்டாருங்க. விடியக்காலம். அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க" என்றார். "தந்தி அடிக்கலாம்னாங்க. தந்தியில எவனோ எழுதினத நீங்க படிக்க வேணாம்னு நானே வந்துட்டேன்."

பாவா என்றால் என் அக்கா புருஷன். மஞ்சள் காமாலை என்று அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனவர். இரண்டு வாரத்தில் எழுந்து வந்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் சாதாரணமாக இருந்தோம். அந்த உடம்பைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கூடைகளை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வண்டியில் நாங்கள் இருவரும் போனோம்.

பாவாவை, முனிரத்தினம் பயில்வானை, உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். காரியம் முடிந்த மறுநாள் சத்திரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் வந்திருப்பீர்கள். ஒருவர் பாவா தூக்கிய கல்லைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் அவர் குடித்த பாலைப் பற்றிப் பேசினார். கேட்டால் சுற்று வட்டாரத்து எருமைகளெல்லாம் அவர் ஒருவருக்காகவே கறந்தது போல் இருந்தது. மூன்றாமவர் அவருடைய அடக்கத்தைப் புகழ்ந்தார். ஆடிக் கிருத்திகையன்று குஸ்தி போடும் கோதாவில் நின்று அவர் சொன்னதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு, செத்தவர் பெயருக்கு ஏன் களங்கம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே எழுந்து கத்தியிருப்பேன். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன், நான் எழுதட்டுமா என்று. "எழுது. அவுரு ஒளிச்சாரா இன்னா, நீ ஒளிக்கிறதுக்கு?" என்றாள்.

ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாவா சிறு பிள்ளையாக இருந்தபோது அவருக்குக் குஸ்தி கற்றுக்கொடுத்த வஸ்தாது, எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று குஸ்தி பழகும் தாலிம்கானாவின் உள்ளறைக்கு அழைத்துப்போய், ஒரு குழந்தையிடம் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சில வருஷங்கள். இதற்கு மேல் விவரிக்க மாட்டேன். இதைக் குறைத்தும் எழுத மாட்டேன். அந்த ஆளின் பெயரை இங்கே போடப்போவதில்லை. அந்த மரியாதை அவனுக்கு எதற்கு?

பாவா எங்கள் வீட்டு மாப்பிள்ளையானது யுத்தம் ஆரம்பித்த சமயம். அரக்கோணம் லோகோ ஷெட்டில் வேலை, சுற்றுப்பட்ட ஊர்களில் நல்ல பெயர். அவர் குஸ்தியைப் பார்க்கப் போகிறவர்கள் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நின்ற வாக்கிலேயே எதிராளியைத் தூக்கிப் போடுவார். நெருங்கி வரவே விடமாட்டார். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எங்கள் நைனா மயங்கிப்போய்ப் பெண்ணைக் கொடுத்தார். முதுகுப் பக்கம் ஒருவன் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் அந்த வேகம் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது.

தலை தீபாவளியன்று அது தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து என் அம்மா தலையில் எண்ணெய் வைக்க வந்தாள். எங்கள் பக்கத்தில் அது விட முடியாத வழக்கம். காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் பின்னால் போய் நின்று உச்சியில் கை வைத்ததும், பாவா மணையிலிருந்து துள்ளி எழுந்தார். கிண்ணம் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனவர் மத்தியானம்தான் திரும்பினார். சித்தப்பாக்கள் கேலியில் வீட்டை இரண்டாக்கினார்கள்: "ஊரையே தூக்கி அடிக்கிற பயில்வான், ஒரு கரண்டி எண்ணெய்க்குப் பயந்து ஓடிட்டாருடா!" நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவாவும் சிரித்தார். அம்மாவிடம் போய், "மன்னிச்சுக்குங்க அத்தே, எனக்கு எண்ணெ வாசன ஒத்துக்காது" என்றார். பயில்வானுக்கு எண்ணெய் ஒத்துக்காது என்றால் யார் நம்புவார்கள்? இருந்தாலும் மாப்பிள்ளை சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டோம்.

அக்காவால் அப்படி விட முடியவில்லை. கட்டியவர் மார்கழிக் குளிரிலும் கதவைத் திறந்துபோட்டு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பார். அவள் அறியாமல் பின்னாலிருந்து தோளைத் தொட்டுவிட்டால் முகம் வெளுத்துப்போகும். வேலையிலிருந்து வந்து குளிக்கும்போது ஓட்டுத் துண்டால் முதுகைத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப்போயிருக்கும். தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அக்கா பல நாள் அழுதிருக்கிறாள். அவர் மீது ஒரு குறை சொல்ல மாட்டாள். என்னிடம் மட்டும், "நல்ல மனுஷன்டா. ஆனா எங்கியோ பூட்டிகினு கீறாரு" என்பாள்.

பிறகு வந்தது அரக்கோணத்து ஆட்டம். எதிரே ஜப்பார் பாய். பாவா இரண்டு முறை அவரைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாவது முறை ஜப்பார் பாய் சட்டென்று சுற்றிப் பின்னால் வந்து இடுப்பைக் கட்டினார். அவ்வளவுதான். பாவா திமிறவில்லை, உதறவில்லை. நனைந்த துணி மாதிரி துவண்டுபோனார். ஜப்பார் பாய் அவரைத் திருப்பி முதுகை மண்ணில் வைத்தார். ஒரு கைத்தட்டல் இல்லை. ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று முதலில் ஒருவன் கத்தினான், பிறகு கூட்டமே கத்தியது. லோகோ ஷெட்டில் கரி அள்ளுகிறவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பாவா அன்றோடு கோதாவுக்குப் போவதை நிறுத்தினார். குஸ்திக்குக் கட்டும் லங்கோட்டாவை மடித்துப் பரண் மேல் போட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் அக்காவிடம் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவள் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சில நாள் கழித்து ஒரு மத்தியானம் என்னை மலைக்குக் கூப்பிட்டார். பாதிப் படியில் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து, கீழே சரவணப் பொய்கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"நைனாகிட்ட சொன்னேன் மச்சான், அப்பவே. வஸ்தாதப் பத்தி இப்படிப் பேசுவியான்னு கன்னத்துல ஒண்ணு வுட்டாரு. மறுநாள் அவரே கையப் புடிச்சு இட்டுகினு போய் அங்க வுட்டுட்டு வந்தாரு."

அவர் அப்பாவை ஏதோ திட்டினேன். பாவா தடுத்தார். "நைனா கெட்டவரு இல்ல. நம்பத் தெரியாதவரு" என்றார். அப்புறம் ஏன் குஸ்தியே கதி என்று இருந்தீர்கள் என்று கேட்டேன். "மண்ணு இன்னா பண்ணுச்சு மச்சான்? அது என் மண்ணு. அவன் நடுவுல வந்த ஆளு" என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எனக்கு அவர் மீது இருந்த மரியாதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

யுத்தம் முடிகிற சமயத்தில், கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்றில் ஜப்பார் பாய் திருத்தணியில் பாவா வீடு தேடி வந்தார். ஜெயித்தவர் தோற்றவர் வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்தில் கேலி செய்வதற்குச் சமம். அக்கா தண்ணீர் கொடுக்கவே யோசித்தாள். அவர் செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு பாவாவிடம் சொன்னார்:

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் பயில்வான். அன்னிக்கு உங்க இடுப்பைப் புடிச்சேன். கையில ஒடம்பு இருந்துச்சு, ஆளு இல்ல. ஆட்டத்த வித்தவன் ஒடம்பு அப்படி இருக்காது. அவன் திமிர்ற மாதிரி நடிப்பான்."

ஜப்பார் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க கத்துக்கின அந்தத் தாலிம்கானாலதான் நானும் மொதல்ல சேர்ந்தேன். கொஞ்ச நாள்தான். அப்பா மாத்தலாகி வேலூர் போய்ட்டோம். தப்பிச்சேன்னு சொல்ல முடியாது" என்றார்.

இரண்டு மலை மாதிரி ஆட்கள், எதிரெதிரே உட்கார்ந்து அழுதார்கள். நானும் அக்காவும் அடுப்படியில் நின்று அழுதோம். குஸ்தி தெரிந்த கைக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. ஆயிரம் பேர் கண்ணால் பார்த்து வித்துட்டான் என்றார்கள். பிடித்த ஒருவருக்குத்தான் உண்மை தெரிந்தது. அன்றைக்குச் சாப்பிட வைத்துத்தான் அவரை அனுப்பினோம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பிள்ளைகளுக்கு ஒரு தாலிம்கானா திறக்க முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். அதை நடத்த யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? சித்தூர்ப் பக்கம் போய் வயதாகித் திரும்பியிருந்த அதே வஸ்தாதை. ஆடிக் கிருத்திகைக் குஸ்தி முடிந்ததும், சேரப்போகும் பிள்ளைகள் நெற்றியில் அவன் கோதா மண்ணை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. வஸ்தாது மண் வைத்துவிட்டால் பிள்ளை அவனுடையவன் என்று அர்த்தம். பெற்றவர்கள்கூடக் குறுக்கே பேச முடியாது.

பாவா பரண் மேலிருந்து லங்கோட்டாவை எடுத்தார். ஜப்பார் பாயோடு மறுபடி குஸ்தி என்று பெயர் கொடுத்தார். எதற்கு என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். பொதுவில் சொன்னால் வேலை போகலாம், ஊர் காறித் துப்பலாம் என்று நான் பயந்தேன். "மறைச்சா யாருக்கு லாபம் மச்சான்? எனக்கா? அவனுக்குத்தான்" என்றார். அக்கா அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

அன்று மலையெல்லாம் காவடி. அடிவாரத்துத் தோப்பில் கோதாவைச் சுற்றி நெரிசல். வெள்ளைத் தலைப்பாகையோடு அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பயில்வான்களும் வஸ்தாதின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அதைச் செய்யாமல் கோதாவில் இறங்கியவர் எங்கள் ஊரில் கிடையாது. பாவா அவன் எதிரே போய் நின்றார். குனியவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவர், "தொடுப்பா, நேரமாவுது" என்றார்.

பாவா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பெரிய குரலில்கூடப் பேசவில்லை. "இந்த ஆளு கால நான் தொட மாட்டேங்க. நான் புள்ளையா இருக்கச் சொல்ல இவன்கிட்டதான் குஸ்தி கத்துக்கினேன். உள்ரூமுக்கு இட்டுகினு போய் என்னைக் கெடுத்தான். நைனாகிட்ட சொன்னேன், நம்பல. நீங்க நம்புங்க. உங்க புள்ளைங்கள இவன்கிட்ட வுடாதீங்க. அவ்ளோதான்."

மேளம் நின்றுவிட்டது. "குடிச்சிட்டு உளர்றான்" என்று அவன் சிரித்தான். பின்னால் நாலைந்து பேர் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். ஜப்பார் பாய் பாவாவின் பக்கத்தில் வந்து நின்று, "நானும் தொட மாட்டேன். எனக்கும் அவரு சொன்னதுதான்" என்றார். அப்போதும் ஒருவரும் அசையவில்லை.

கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு அம்மாள், நாற்று நடுகிறவள், மகனைச் சேர்க்க அழைத்து வந்து பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். பெண்கள் கோதா மண்ணை மிதிக்கக் கூடாது. மிதித்தால் மண் கெட்டது என்று முழுவதையும் அள்ளிக் கொட்டிவிடுவார்கள். அவள் கயிற்றைத் தூக்கி நுழைந்து, கோதாவின் நடுவே நேராக நடந்து வந்தாள். சேற்றுக் கால் செம்மண்ணில் பதிந்தது. மகன் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாடா கண்ணு. எவ்ளோ பெரிய ஆம்பள, வெக்கத்த வுட்டு சொல்றாரு. பொய்யா சொல்லுவாரு?" என்றாள். வந்த வழியே திரும்பிப் போனாள். யாரோ "ஐயோ மண்ணு" என்றார்கள். அதற்குள் இன்னொருத்தி கயிற்றைத் தூக்கிவிட்டாள். பிறகு அப்பாக்களும் வந்தார்கள். கடைசியில் நாற்காலிக்கு முன்னால் பிள்ளைகளே இல்லை. அவன் எப்போது எழுந்து போனான் என்று நான் கவனிக்கவில்லை.

மண் கெட்டுவிட்டது, ஆட்டம் கிடையாது என்றார் ஏற்பாட்டாளர். "இதுல ஆடாம எதுல ஆடுறது?" என்று பாவா இறங்கிவிட்டார். வெகு நேரம் ஆடினார்கள். ஒரு கட்டத்தில் ஜப்பார் பாய் பின்னால் வந்து இடுப்பைக் கட்டினார். பாவாவின் தோள்கள் பழையபடி துவள்வதை நான் பார்த்தேன். ஜப்பார் பாய் அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பின்னால் கேட்டதற்கு, "நான் ஜப்பாருன்னு சொன்னேன், வேற இன்னா" என்றார். பாவா தலையைத் தூக்கினார். உதறினார், முண்டினார், ஜப்பார் பாயின் காது கிழிகிற மாதிரி ஒரு பிடி போட்டார். கடைசியில் பாவாவின் முதுகுதான் மண்ணில் பட்டது. தோற்றவர் மண்ணில் கிடந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "இன்னிக்கு நான் தோத்தேன் மச்சான். போன தடவ தோத்தவன் நான் இல்ல."

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. சிலர் நம்பிக்கொண்டே, அதைப் போய் வெளியில் சொல்வார்களா என்றார்கள். கடைத்தெருவில் கெட்ட வார்த்தையால் அவரைக் கூப்பிட்டவனை நான் அடிக்கப் போய், நானே அடிவாங்கி வந்தேன். அதற்கும் பாவா சிரித்தார். ஆனால் அந்த ஆளிடம் ஒரு பிள்ளையும் சேரவில்லை. அடுத்த பொங்கலுக்குள் பாவாவும் ஜப்பார் பாயும் சேர்ந்து ஒரு கோதா போட்டார்கள். கீற்றுக் கொட்டகை, நாலு பக்கமும் திறந்தே இருக்கும். அவரவர் எண்ணெயை அவரவரே தேய்த்துக்கொள்ள வேண்டும். பிடி சொல்லிக்கொடுக்கும் முன் "புடிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும், பிள்ளை தலையாட்டினால்தான் கை வைக்கலாம். அம்மாக்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பெண்கள் மிதித்த மண்ணில் பலம் வராது என்று ஒருவர் வந்து சண்டை போட்டார். "எனக்கு பலம் வந்ததே அன்னிக்குத்தாங்க" என்று பாவா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

சுதந்திரம் வந்த வருஷத்துத் தீபாவளிக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். பாவா தானாக மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அலமேலு, முன்னால நின்னு வை" என்றார். அக்கா அவர் முகத்துக்கு எதிரே நின்று உச்சியில் எண்ணெய் வைத்தாள். அவர் கண்ணை மூடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகைத் தொட்டால் திடுக்கிடுவது கடைசிவரை போகவில்லை. ஆஸ்பத்திரி நர்சிடம்கூட, முன்பக்கம் வந்து ஊசி போடும்மா என்றுதான் கேட்டாராம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார். குறட்டைதான் தாங்கவில்லை என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வாள். அந்தக் குறையைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவர் ஜெயித்த வெள்ளிக் காப்பு அக்காவிடம் இருக்கிறது. கோதாவை ஜப்பார் பாய் நடத்துகிறார். என்னிடம் அவர் பொருள் எதுவும் இல்லை. போன வாரம் வரை, அவர் எனக்கென்று எதையும் விட்டுப்போகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் என் மகள் சரோஜா, கணக்கு சொல்லித் தருகிறவர் வீட்டுக்கு இனிமேல் போக மாட்டேன் என்றாள். நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிற பெரியவர் அவர். பாடத்துக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று என் மனைவி அதட்ட ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன்.

"மடியில உக்காருன்னு சொல்றாரு நைனா. வேணாம்னாலும் இழுக்கறாரு. எனக்குப் புடிக்கல."

சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பாவாவும் அவர் நைனாவின் கையை இப்படித்தான் பார்த்திருப்பார். என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது. அது என் வார்த்தை இல்லை.

"நீ சொன்னத நான் நம்புறேன்மா. இனிமே போக வேணாம். நான் போய்ப் பேசிக்கிறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினேன். அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது சரோஜா தோழிகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் பின்னாலிருந்து ஓடி வந்து அவள் முதுகில் தொற்றிக்கொண்டாள். சரோஜா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளையும் சுமந்துகொண்டு அடுத்த கட்டத்துக்குத் தாவினாள்.